அரக்கும் பச்சையும் எடுபடவில்லை

அன்புள்ள தம்பிக்கு,

இதை நானே எழுதுகிறேன். நான் சொல்லச் சொல்ல வேறு யாரும் எழுதவில்லை. முதலில் பழைய நோட்டில் எழுதி, வகுப்பு டீச்சரிடம் காட்டி, அவர் சுழித்த இடங்களைத் திருத்தி, பிறகு இந்த நல்ல தாளில் பார்த்துப் பார்த்து எழுதுகிறேன். ஒரு வரி முடிந்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அந்த வரியை நானே வாசிக்கிறேன். நான் நினைத்தது அப்படியே அங்கே உட்கார்ந்திருக்கிறது. இந்த வயதில் இப்படி ஒரு சந்தோஷம் வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். அதனால் கடிதம் நீளமாகத்தான் இருக்கும். நீ டியூட்டி முடிந்து வந்து, சாப்பிட்டுவிட்டு, நிதானமாக வாசி.

உன் கூட்டாளி லீவு முடிந்து அயர்லாந்துக்குத் திரும்புகிறான். அவன் பெட்டியில் உனக்கு ஒரு சாமான் வைத்து அனுப்புகிறேன். பிரித்துப் பார்த்தால் ஒரு கம்பளி வளையம் இருக்கும். மப்ளர் போலத்தான், ஆனால் இரண்டு முனை கிடையாது. தலை வழியாகப் போட்டுக் கழுத்தில் இறக்கிவிட வேண்டும். பின்னியது நான். நிறம் எடுத்தது உன் அம்மா. இதில் இரண்டாவதுதான் பெரிய செய்தி. உன் மாமன் மகளைக் கட்டிக்கொள்ள மாட்டேன் என்று நீ சொன்ன நாளிலிருந்து அவள் உன்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. நீ போனில் முகம் காட்டிக் கூப்பிட்டால் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுகிறாள். உன் மாமா வாடிப்பட்டியிலிருந்து நம் வீட்டுக்கு வருவதையும் நிறுத்திவிட்டார். பிறந்த வீட்டு வாசல் தனக்கு அடைபட்டது உன்னால்தான் என்பது அவள் நினைப்பு. அவளை உன்னோடு பேசவைக்க நான் சொல்லிப் பார்த்தது எதுவும் அவள் காதில் ஏறவில்லை. கடைசியில் இந்த நூல்தான் கொஞ்சம் வேலை செய்திருக்கிறது. அது எப்படி என்று சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன்.

நம் அவனியாபுரத்துப் பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் பெரியவர்களுக்கு வகுப்பு நடக்கிறது, அதற்குப் போகிறேன் என்று உன்னிடம் போனில் சொல்லியிருக்கிறேன். அங்கே எங்களுக்கு முதலில் அ சொல்லித் தரவில்லை. ட, ப இரண்டும்தான் முதலில். வளைவு சுழி எதுவும் கிடையாது. நேராகக் கோடு இழுத்து மடக்கினால் எழுத்து வந்துவிடும். மண்டியில் மூட்டை தூக்கிய காலமெல்லாம், மூட்டையில் அடித்திருந்த மையின் நிறத்தை வைத்துத்தான் அது எந்தக் கடைக்கு என்று தெரிந்துகொண்டேன். எனக்கு மாத்திரையும் நிறம்தான், போகிற பஸ்ஸும் நிறம்தான். எழுத்தில் என்னை ஏமாற்றலாம், நிறத்தில் ஏமாற்ற முடியாது என்று ஒரு மிதப்பே உண்டு. அந்த மிதப்பை இந்த நூல் நன்றாக இறக்கி வைத்தது.

எங்கள் டீச்சர் கொடைக்கானலில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவர். நாங்கள் எழுத்தின் மேல் எழுத்தாகப் போட்டுக்கொண்டிருக்கும்போது அவர் நாற்காலியில் உட்கார்ந்து உல்லன் நூலில் ஏதாவது பின்னுவார். ஒரு நாள் அவர் மேசையில் ஒரு தாள் கிடந்தது. முழுக்கச் சின்னச் சின்னக் கட்டம். சில கட்டம் கறுப்பு, சில கட்டம் வெள்ளை. எட்டிப் பார்த்தேன். வரிசையாக ப. அதன் கீழே தலைகீழாக ப. இரண்டுக்கும் நடுவே ட.

“டீச்சர், இது ப தானே?” என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். “ஐயா, உங்க கண்ணுக்கு எல்லாமே எழுத்தாத் தெரிய ஆரம்பிச்சுருச்சு. அது பின்னலுக்கான கட்டம்யா.”

“கட்டமாவே இருந்துட்டுப் போகட்டும் டீச்சர். எனக்கு அது ப.”

அன்றைக்கே எனக்குப் பின்னச் சொல்லித் தாருங்கள் என்று கேட்டுவிட்டேன். இதற்கு மொசைக் பின்னல் என்று பெயர். தரையில் உடைந்த கல்லைப் பதித்துத் தேய்ப்பார்களே, அந்த மொசைக்கேதான். பார்க்கத்தான் பயமாக இருக்கும், வேலை சுலபம். இரண்டு நூலையும் ஒன்றாகப் பிடித்துச் சிக்கலாக்க வேண்டியதில்லை. இரண்டு சுற்று ஒரு நிறத்தில் பின்ன வேண்டும், பிறகு இரண்டு சுற்று மறு நிறத்தில். கீழே இருக்கும் நிறம் எந்த இடத்தில் தெரிய வேண்டுமோ, அந்த இடத்துக் கண்ணியை, அதாவது ஊசியில் நிற்கும் நூல் வளையத்தை, மட்டும் பின்னாமல் அப்படியே அடுத்த ஊசிக்கு மாற்றிவிட்டால், அது மேலே ஏறி வந்து நின்றுகொள்ளும். எங்கே பின்னுவது, எங்கே சும்மா விடுவது என்பதைக் கட்டம் சொல்லும். அவ்வளவுதான் வித்தை. நீ அனுப்பிய படங்களில் பனி கொட்டிக்கிடக்க, கழுத்தைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டு நிற்கிறாய். உனக்கு ஒன்று பின்ன வேண்டும் என்று டீச்சரிடம் சொன்னேன். “அப்ப நூலு ரெண்டும் நல்ல காண்ட்ராஸ்ட்டா இருக்கணும்யா. அத மட்டும் பாத்து வாங்குங்க” என்றார்.

அந்த ஒரு வார்த்தையை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். உன் அம்மா பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

“காண்ட்ராஸ்ட்டா ரெண்டு நூல் வாங்கணுமாம்.”

“யாருக்கு?”

“குளிர்ல கெடக்கறவனுக்கு.”

அவள் தலையை நிமிர்த்தவில்லை. பூண்டுத் தோலை ஊதித் தள்ளிவிட்டு, “காண்ட்ராஸ்ட்டுன்னா அரக்கும் பச்சையும்தான். அதுக்கு மேல என்ன கெடக்கு? எந்தக் கல்யாண வீட்டுல வேணும்னாலும் போய்ப் பாருங்க” என்றாள்.

நிச்சயத்துக்கு என்று உன் மாமன் மகளுக்கு அவள் எடுத்துவைத்த பட்டுச் சேலையும் அரக்கு உடல், பச்சைக் கரைதான். அது இன்னும் பீரோவில் இருக்கிறது. அதை மனதில் வைத்துச் சொன்னாளோ என்னவோ, நான் கேட்கவில்லை. எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. அரக்குக்குப் பச்சையை விடப் பொருத்தமான எதிர் நிறம் ஏது? விளக்குத்தூண் பக்கம் கடைத்தெருவுக்குப் போய் நல்ல அரக்கும் நல்ல ராமர் பச்சையும் வாங்கிவந்து பின்ன ஆரம்பித்துவிட்டேன்.

நம் பக்கத்து வீட்டு ஒர்க்‌ஷாப்காரர் பட்டறைக் கதவைத் திறக்கும்போதெல்லாம் என்னைப் பார்த்துச் சிரிப்பார். “என்ன மாப்ள, ஊரே சட்டையக் கழட்டிப் போட்டுட்டு அலையுது, நீ கம்பளி பின்னிக்கிட்டு இருக்க?”

“வெயிலு உனக்கு மாப்ள. பனி எம் மகனுக்கு.”

“அனுப்பி வைக்கிறதா இருந்தா இந்த வெயில்லயும் கொஞ்சம் பார்சல் கட்டிவிடு.”

உன் அம்மாவும் யாருக்கு என்று தெரியாதவள் போல உள்ளேயிருந்து சேர்ந்துகொள்வாள். “தலகாணி உறைக்கு எதுக்கு இம்புட்டு டிசைனு?”

கை அளவுக்கு வளர்ந்த பிறகுதான் ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. மடியில் வைத்து உற்றுப் பார்த்தால் அரக்கு தெரிகிறது, பச்சை தெரிகிறது. கொஞ்சம் தள்ளிப் பிடித்தால் இரண்டும் ஒன்றில் ஒன்று கரைந்து, பழம்புளி நிறத்தில் ஒரு துணி. என் ப எங்கே போனது என்று தெரியவில்லை. கட்டத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். கண்ணி எதுவும் தப்பவில்லை. எழுதியது எல்லாம் சரி, ஆனால் வாசிக்க முடியவில்லை. வாசிக்கத் தெரியாமல் இத்தனை வருஷம் இருந்தவனுக்கு, வாசிக்கத் தெரிந்த பிறகும் வாசிக்க முடியாத ஒன்றைத் தானே பின்னி வைத்திருப்பது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார். டீச்சரிடம் கொண்டுபோனேன். அவர் தன் போனில் அதைப் படம் பிடித்தார். பிறகு படத்தில் இருந்த நிறத்தையெல்லாம் எடுத்துவிட்டு, கறுப்பு வெள்ளையாக மாற்றிக் காட்டினார். அடிமுதல் நுனிவரை ஒரே சாம்பல்.

“சேலையில அரக்கு ஒடம்பு ஒரு பக்கம், பச்சைக் கரை ஒரு பக்கம், பெரிசு பெரிசாத் தனித்தனியா நிக்குதுய்யா. அதான் எடுப்பாத் தெரியுது. இங்க கண்ணிக்குக் கண்ணி கலக்குது. வேற வேற கலரா இருந்தாப் பத்தாது. ஒண்ணு வெளுப்பா இருக்கணும், ஒண்ணு இருட்டா இருக்கணும். இது ரெண்டும் இருட்டு.”

அந்தப் படத்தை என் போனுக்கு அனுப்பச் சொல்லி வாங்கிக்கொண்டு வந்து உன் அம்மாவிடம் நீட்டினேன். கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள்.

“இதுல எது அரக்கு?”

“தெரியல.”

“அப்ப பச்சை எது?”

“அதுவும் தெரியல.”

அவள் போனைத் திருப்பிப் பார்த்தாள், வாசல் வெளிச்சத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள். பிறகு என் மடியில் கிடந்த பின்னலைத் தொட்டுப் பார்த்தாள். “பிரிங்க” என்றாள்.

பின்னலைப் பிரிப்பதற்குப் பலம் வேண்டியதில்லை. நுனியை இழுத்தால் மளமளவென்று வந்துவிடும். நான் இழுக்க இழுக்க அவள் எதிரில் உட்கார்ந்து நூலைச் சுருட்டினாள். அரக்கு ஒரு உருண்டை, பச்சை ஒரு உருண்டை. தனித்தனியாகச் சுற்றி வைத்ததும் இரண்டுமே அழகாகத்தான் இருந்தன. அவளும் அதைப் பார்த்திருக்க வேண்டும். “அந்தச் சேலை எங்கண்ணன் மகளுக்கு எடுப்பா இருந்துருக்கும்” என்றாள். நான் ம் என்றேன். இன்னும் கொஞ்சம் நூல் சுற்றினாள். “அவளுக்கு அந்தக் கலரு பிடிக்குமான்னு நான் கேக்கவே இல்ல” என்றாள்.

தம்பி, நான் நூலை மட்டும் இழுத்துக் கொடுத்தேன். அந்த இடத்தில் நான் வாயைத் திறந்து உனக்காக ஏதாவது வாதாடியிருந்தால் அவள் உருண்டையை வைத்துவிட்டு எழுந்து போயிருப்பாள். இதை உனக்கு ஒரு புத்தியாகவே சொல்கிறேன். நாளைக்கு உனக்கும் ஒருத்தி வருவாள். அவள் தானாக ஒரு பக்கம் திரும்பிக்கொண்டிருக்கும்போது, நீயும் சேர்ந்து தள்ளாதே. கண்ணியைப் பின்னாமல் விட வேண்டிய இடம் என்று ஒன்று உண்டு.

ஆனால் அவள் சொன்னதை வைத்து, உன் பக்கம் முழுக்க நியாயம் என்று எடுத்துக்கொள்ளாதே. நீ வேண்டாம் என்றதில் எனக்குக் குறை இல்லை. கட்டி வாழப்போவது நீ. நீ அதை யாரிடம் முதலில் சொன்னாய் என்பதுதான் குறை. மாமாவுக்கு நேராகப் போன் போட்டுச் சொல்லிவிட்டாய். மறைக்காமல் முகத்துக்கு நேராகச் சொல்வது மரியாதை என்று நினைத்திருப்பாய். உன் அம்மாவுக்கு அந்தச் செய்தி அவள் அண்ணன் வாயிலிருந்து வந்தது. அன்றைக்கு அவள் சமயநல்லூரில் ஒரு விசேஷ வீட்டில் பந்தியில் உட்கார்ந்திருந்தாள். சொந்தக்காரர்கள் எல்லோரும் இருக்க, அவர் அவளிடம் வந்து, “உம் மகனுக்கு எம் பிள்ளை வேணாமாம், உனக்குத் தெரியுமா தெரியாதா?” என்று கேட்டார். தெரியாது என்று சொன்னால் மகன் தன்னை மதிக்கவில்லை என்று ஆகும். தெரியும் என்று சொன்னால் அண்ணனுக்குத் துரோகம். அவள் இலையை மூடிவிட்டு எழுந்து வந்தாள். நீ வேண்டாம் என்றதை அவள் எப்போதோ பொறுத்துக்கொண்டிருப்பாள். அந்த இலையை மூடியதுதான் அவளுக்கு இன்னும் ஆறவில்லை. இதை நீ தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாம் முறை நூல் வாங்க நான் கிளம்பியபோது, “இருங்க, நானும் வாரேன். உங்கள விட்டா காவியும் செங்கலும் வாங்கிட்டு வந்து நிப்பீங்க” என்றாள். பஸ்ஸில் போகும்போது கடைப் பலகைகளை எல்லாம் நான் சத்தமாக வாசித்துக்கொண்டே போனேன். முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். “மெதுவா வாசிங்க, யாரும் பலகையக் கழட்டிட்டுப் போயிற மாட்டாங்க” என்றாள். ஆனால் நான் ஒரு பலகையில் தடுமாறியபோது அவளே முடித்துக் கொடுத்தாள்.

கடையில் அவள் கேட்ட முதல் கேள்வியே வேறு. என்ன கலர் இருக்கிறது என்று கேட்கவில்லை. “இருக்கறதுலயே வெளுத்தது எது?” என்று கேட்டாள். பாலாடை போல ஒரு வெள்ளையை எடுத்து வைத்துக்கொண்டு, அதன் மேல் ஒவ்வொரு நூலாக வைத்துப் பார்த்தாள். எலுமிச்சை மஞ்சள் பளிச்சென்று இருந்தது; எனக்குப் பிடித்தது. “கண்ணப் பாதி மூடிக்கிட்டுப் பாருங்க” என்றாள். பாதி மூடினேன். மஞ்சள் எங்கே முடிகிறது, வெள்ளை எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. ரோஸும் அப்படித்தான். வெளிறிய கத்தரிப்பூ நிறமும் அப்படித்தான். கடை வாசலில் நாங்கள் இரண்டு பேரும் அரைக்கண்ணோடு நின்றதைப் பார்த்து, தெருவில் போனவர்கள் எங்களுக்குத் தூக்கம் வருகிறது என்று நினைத்திருப்பார்கள். அரக்கு அந்த வெள்ளை மேல் நன்றாகவே நின்றது. அவள் அதைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்து, அடுக்கில் திருப்பி வைத்துவிட்டாள். “அது வேணாம்” என்றாள். பிறகு உள் தட்டில் கிடந்த ஒன்றைக் கைகாட்டினாள்.

கடைக்காரர் எடுத்துப் போட்டார். “நல்ல செலெக்‌ஷன் அக்கா. இந்த நீலம் இப்பத்தான் வந்துச்சு.”

“எத அண்ணே நீலங்கறீங்க?”

“இதத்தாங்க்கா.”

“இது நீலமா? வெளிச்சத்துல வச்சுப் பாருங்க. கலர் கடைய வச்சுக்கிட்டு நீங்களே இப்படிச் சொன்னா எப்படிண்ணே?”

பக்கத்தில் நூல் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண், “பச்சையில்ல சேரும்?” என்று தெரியாமல் வாயைக் கொடுத்துவிட்டார். அவருக்கும் விளக்கம் கிடைத்தது. கடைக்காரர் அந்த நிறத்தின் சரியான பெயரைத் தன் வாயால் சொன்ன பிறகுதான் உன் அம்மா படி இறங்கினாள். நிறத்துக்குத் தப்பான பெயர் சொன்னால் அவளால் பொறுக்க முடியாது என்பது உனக்குத் தெரியாததா? சின்னப் பிள்ளையில் உன்னைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் மாமா வீட்டுக்குப் போகும்போது, எதிரில் வந்த லாரியைக் காட்டி நீ ஊதா என்று சொல்லப்போய், அவள் வழி நெடுக உனக்குக் கலர் பாடம் நடத்தியதில் நாம் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டோம். நீ கடைசிவரை ஊதா என்றுதான் சொன்னாய். அவள் திட்டிக்கொண்டே உன்னை இடுப்பில் வைத்து வெயிலில் திரும்பி நடந்தாள். இரண்டு பேரும் ஒரே பிடிவாதம்.

அந்த நூலில் பின்னியதும் ப எழுந்து நின்றது தம்பி. அறைக்கு அந்தப் பக்கம் இருந்து பார்த்தாலும் தெரிந்தது. கொடியில் போட்டிருந்தபோது ஒர்க்‌ஷாப்காரர் தெருவிலிருந்தே, “என்ன மாப்ள, வரிசையா ப ப ப-ன்னு போட்டுருக்கு?” என்று கேட்டார். எனக்கு வந்த சந்தோஷத்தில் அவரை உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தேன். உன் அம்மா அதைத் தன் தலைவழியாகப் போட்டு, வியர்த்து வழிய நின்று, கண்ணாடியில் முன்னும் பின்னும் பார்த்துவிட்டுக் கழற்றினாள். “மொதத் தண்ணியில உப்புப் போட்டு அலசணும். இல்லன்னா சாயம் வெள்ளையில ஏறிரும். நிழல்லதான் காயப் போடணும்” என்றாள். யாரிடம் சொல்கிறாள் என்று நான் கேட்கவில்லை. உன்னிடம் சொல்லியாகிவிட்டது, அப்படியே செய்.

நேற்றுச் சாமானைக் கட்டினோம். நான் ஒரு சின்னத் தாளில் இரண்டு நிறங்களின் பெயரையும் என் கையால் எழுதி உள்ளே வைத்தேன். அவள் அதை வெளியே எடுத்தாள்.

“ஏன், தப்பா எழுதிட்டனா?”

“எழுத்தெல்லாம் சரியாத்தான் இருக்கு. வெள்ளை பேரு இருந்தா இருக்கட்டும். மத்த கலரு பேர எழுதி அனுப்பாதீங்க. அவனுக்குத் தெரியுதான்னு பாப்போம்.”

அந்தத் தாளைக் கிழித்துப் போடாமல், மடித்துத் தன் சுருக்குப்பைக்குள் வைத்துக்கொண்டாள். அதனால்தான் இந்தக் கடிதத்திலும் அந்தப் பெயரை நான் எழுதவில்லை. இத்தனை எழுத்துக் கற்றுக்கொண்டு ஒரு வார்த்தையை எழுதாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று இப்போதுதான் தெரிகிறது.

இனி உன் வேலை. கைக்கு வந்ததும் போட்டுக்கொண்டு கூப்பிடு. உனக்கு லீவு நாளாகப் பார்த்து, நல்ல வெளிச்சத்தில் முகம் தெரிய நில். மன்னிப்புக் கேட்பதைப் போனில் ஆரம்பிக்காதே. அந்தப் பந்தி விஷயத்துக்கு நேரில் வந்துதான் கேட்க வேண்டும், மாமா வீட்டுக்கும் அவளைக் கூட்டிக்கொண்டு நீதான் போக வேண்டும். அவர் கதவைத் திறப்பாரா என்று எனக்குத் தெரியாது. அது பிறகு. இப்போது போனை எடுத்ததும், “அப்பா, அந்த நீலக் கலர் வந்து சேந்துருச்சு” என்று சத்தமாகச் சொல். நான் போனை அடுப்படிப் பக்கம் திருப்பி வைத்திருப்பேன். நீலம் என்று நீ சொன்ன பிறகு அவளால் உள்ளே நிற்க முடியாது. வெளியே வந்து உன்னைத் திட்டுவாள். சரியான பெயரையும் சொல்லுவாள். நீ உடனே ஒத்துக்கொண்டுவிடாதே தம்பி. இல்லம்மா, இது நீலந்தான் என்று கொஞ்ச நேரம் அடம்பிடி.

அப்பா